மலையில் டீசல் இன்ஜின் புகை தள்ளினால்: எங்கே பார்ப்பது, எதைக் கழற்றக் கூடாது

கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்டும்போது புகையே தெரியாத 5 எச்பி டீசல் பம்ப்செட், நீலகிரியிலுள்ள கேத்தி பாலாடாவில் இறக்கி கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்ததும் கரும்புகை தள்ளும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பார் ஒருவர். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேசாமல் ஸ்பேனரை எடுத்து, இன்ஜினுக்குள் டீசலைச் செலுத்தும் டீசல் பம்பைக் கழற்றிவிடுவார். இன்ஜின் அதே இன்ஜின்தான். அது இழுக்கிற காற்றுதான் மாறிவிட்டது.

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் ஓடுகிற பம்ப்செட், ஹோட்டல் ஜெனரேட்டர், தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கான வழிமுறை இது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர், நீலம் என்றால் ஆயில் என்ற பொதுவான கணக்கு இங்கேயும் செல்லும். ஆனால் சந்தேகப்பட வேண்டிய வரிசை மாறும். சமவெளியில் முதலில் கழற்றிப் பார்க்கும் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை), இங்கே நான்காவது ஐந்தாவது இடத்துக்குப் போய்விடும்.

முதலில் உயரத்தின் கணக்கு

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், குன்னூர் 1,850 வாக்கில். கடல்மட்டத்தில் 1,013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் ஊட்டியில் 775 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருப்பதால் சிறிது ஈடாகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பகுதி) இல்லாத இன்ஜினுக்கு ஊட்டியில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பழைய மாடல் டீசல் பம்புக்கு இது தெரியாது. சுமை ஏறி, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் கேட்டால், கீழே ஊற்றிய அதே அளவு டீசலை இங்கேயும் ஊற்றும். எரிவதற்குக் காற்று கிடைக்காத டீசல் கரியாக வெளியே வரும்.

ஆகவே பிளேட்டில் 5 எச்பி என்றிருந்தால் ஊட்டியில் அதை 4 எச்பி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 25 கேவிஏ ஜெனரேட்டர் 0.8 பவர் ஃபேக்டரில் 20 கிலோவாட் தரும். டர்போ இல்லாத இன்ஜின் என்றால் இங்கே 16 கிலோவாட்தான். டர்போ உள்ள இன்ஜின் இந்த இழப்பில் பெரும் பகுதியைத் தானே சமாளித்துவிடும். அதற்கும் ஒரு எல்லை உண்டு, அது எத்தனை மீட்டர் என்று கையேட்டில் இருக்கும். வாங்கும்போது யாரும் பார்க்காத பக்கம் அது.

கை வைக்கும் முன்

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புகை எப்போது வருகிறது: குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் ஆகும்போதா, ஐடிலிலா, லோடு ஏறும்போதா, எப்போதுமேவா. சத்தம் சீராக இருக்கிறதா, ஒரு சிலிண்டர் தட்டுகிறதா, விட்டு விட்டு அடிக்கிறதா. கடைசியாக எந்த வேலை செய்தபின் புகை தொடங்கியது. மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நேற்று நாசில் மாற்றி இன்று புகை என்றால் மலையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தை மட்டும் நம்புவதில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் நீராவி என்றால் குழாயை விட்டு ஓரடி தள்ளி மறைந்துவிடும், டீசல் வெண்புகை என்றால் நின்று மிதக்கும், இப்படிப் பிரித்துவிடலாம். ஜூலை மாத மேகமூட்டத்தில், பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில், காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது நல்ல இன்ஜினின் நீராவியும் கலையாமல் தேயிலைச் செடி மேல் படர்ந்து நிற்கும். அதனால் காகிதச் சோதனை செய்யுங்கள். வெள்ளைக் காகிதத்தை நீளமான கம்பியில் மாட்டி, சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி ஐந்தாறு விநாடி பிடித்துப் பாருங்கள். வெறும் ஈரமாகி, உலர்ந்ததும் கறை இல்லாவிட்டால் நீராவி. டீசல் வாடையோடு வழவழப்பு இருந்தால் எரியாத டீசல். பழுப்பாக, ஒளியில் பார்த்தால் மினுக்கும் எண்ணெய்ப் புள்ளிகள் இருந்தால் ஆயில். கறுப்புத் தூள் ஒட்டினால் கரி.

கரும்புகை

லோடு ஏறும்போது மட்டும் வந்தால் லோடைக் குறைத்துப் பாருங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது. சென்ட்ரிஃப்யூகல் பம்ப்செட் என்றால் டெலிவரி கேட் வால்வை மெல்ல மெல்லப் பாதிவரை மூடுங்கள். தண்ணீர் குறையும், சுமையும் குறையும். புகை தெளிந்துவிட்டால் இன்ஜின் நலமாக இருக்கிறது, அதன் தலையில் பாரம் அதிகம் என்று பொருள். ஜெனரேட்டர் என்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கூடவே ஃப்ரீக்வென்சி மீட்டரைப் பார்க்க வேண்டும். சாதாரண மெக்கானிக்கல் கவர்னர் உள்ள செட் லோடில்லாமல் 52 ஹெர்ட்ஸ் வாக்கிலும் முழு லோடில் 50லும் நிற்கும். 48க்குக் கீழே இறங்கி, புகையும் கறுத்தால் அது ஓவர்லோடுதான். டீசல் பம்பைத் தொட வேண்டாம்.

தோட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓடையிலிருந்து மேல் வரப்புவரை 20 மீட்டர் ஏற்றம், ஸ்பிரிங்ளருக்குத் தேவையான அழுத்தம் 15 மீட்டர், குழாய் உராய்வு 5 மீட்டர், மொத்தம் 40 மீட்டர். விநாடிக்கு 4 லிட்டர் தண்ணீர். 4 × 9.81 × 40 என்றால் சுமார் 1,570 வாட், அதாவது 2.1 எச்பி. சின்ன பம்பின் திறன் 50 சதவீதம் என்று வைத்தால் இன்ஜின் தர வேண்டியது 4.2 எச்பி. பெல்ட் இழப்பு தனி. கீழே 5 எச்பி இன்ஜினுக்கு இது சுகமான வேலை. ஊட்டியில் அந்த இன்ஜினிடம் இருப்பதே 4 எச்பி. புகை வராமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து ஸ்பிரிங்ளர் எண்ணிக்கையைக் குறைத்து இரண்டு முறையாகப் பாய்ச்சுவது, அல்லது பம்பின் வேகத்தைக் குறைப்பது. பம்ப் இழுக்கும் சக்தி வேகத்தின் முப்படியாக மாறும். வேகத்தை 5 சதவீதம் குறைத்தால் சுமை 14 சதவீதம் இறங்கும், ஏற்றும் உயரம் 10 சதவீதம்தான் குறையும். பெல்ட் டிரைவ் என்றால் இன்ஜின் பக்கத்துப் புல்லியை ஒரு சைஸ் சிறியதாக மாற்றினால் போதும். நேராக இணைத்த செட் என்றால் இம்பெல்லரைக் கடைசலில் சிறிது குறைக்கச் சொல்லலாம். அதைப் பம்ப் தயாரிப்பவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

லோடு சரியாக இருந்தும் புகை என்றால் காற்று வரும் வழி. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, தூசி இல்லாத நேரத்தில் ஒரே ஒரு நிமிடம் அதே லோடில் ஓட்டுங்கள். புடவைத் தலைப்பு, துண்டு, கழுத்து மஃப்ளர் எதுவும் அந்த வாயருகே போகக் கூடாது. புகை குறைந்தால் ஃபில்டரை மாற்ற வேண்டியதுதான். இங்கே பேப்பர் ஃபில்டர் தூசியால் அடைவதைவிட ஈரத்தால் ஊறி அடைவது அதிகம். வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் காகிதம் உப்பி மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காயவைத்து மறுபடி போடுவது வீண். பெரிய செட்டில் ரெஸ்ட்ரிக்‌ஷன் இண்டிகேட்டர் சிவப்பு காட்டினால் ஃபில்டர் முடிந்தது. மீட்டர் வைத்து அளப்பவர்களுக்கு 25 அங்குலத் தண்ணீர் அளவு வழக்கமான மேல் வரம்பு. காற்றை ஆயில் கிண்ணம் வழியே சுத்தம் செய்யும் ஆயில் பாத் ஃபில்டர் என்றால் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேறு எவ்வளவு, ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கு மேல் ஊற்றாதீர்கள், காரணம் நீலப் புகைப் பகுதியில் வருகிறது.

அடுத்தது இன்ஜின் அறை. மலையில் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குளிருக்கும் சத்தத்துக்கும் பயந்து தகரக் கொட்டகையின் ஜன்னலைச் சாத்தி, கதவு இடுக்கில் சாக்கை அடைத்துவிடுவார்கள். ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் சுற்றி வந்து ஏர் ஃபில்டருக்குள்ளேயே போகும். வெளியே 15 டிகிரி இருக்கும்போது அறைக்குள் 45 ஆகிவிட்டால் இன்ஜினுக்கு இன்னொரு 10 சதவீதக் காற்று போச்சு. மலை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது 20. இந்தச் சந்தேகம் தீர எளிய வழி: இரண்டு கதவையும் அகலத் திறந்து பத்து நிமிடம் அதே லோடில் ஓட்டுங்கள். புகை மெலிந்தால் ரேடியேட்டர் முன்னால் தகர டக்ட் வைத்துச் சூடான காற்றை நேராக வெளியே விட வேண்டும். எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு இருக்கும் மூடிய அறையில் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு சேரும். காவலுக்கு இருப்பவர் கதகதப்புக்காக ஜெனரேட்டர் அறையில் படுப்பதை அனுமதிக்கவே கூடாது.

வெளியே போகும் வழியும் காற்று வழிதான். பக்கத்து அறைக்கு வாடை போகக் கூடாது என்று எக்ஸாஸ்ட் குழாயை நான்கைந்து வளைவு வளைத்து மேட்டுக்கு மேலே கொண்டுபோயிருப்பார்கள். குழாய் இன்ஜின் வாயைவிடச் சிறியதாக இருந்தால், அல்லது தாழ்ந்த வளைவில் மழைத்தண்ணீர் நின்றால் புகை உள்ளேயே முட்டும். ஒரு தடவை சைலன்சருக்கு முன்னால் ஃபிளேஞ்சை இறக்கி ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். எக்ஸாஸ்ட் பின்னழுத்தத்தை அளப்பதானால், பெரும்பாலான டர்போ இன்ஜின்களுக்கு 75 மில்லிமீட்டர் பாதரசம் மேல் வரம்பு. டர்போ இருந்தால் டர்போவிலிருந்து மேனிஃபோல்டு வரையுள்ள ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, லோடில் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கிளாம்ப் தளர்ந்த டர்போ இன்ஜின் டர்போ இல்லாத இன்ஜினைவிட மோசமாகப் புகையும்.

இவ்வளவும் சரி என்றால்தான் நாசில். நான்கு சிலிண்டர் பழைய மாடல் இன்ஜினில், ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் ஆர்பிஎம் விழும். எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறாமல் புகை மட்டும் குறைகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லா நாசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் உள்ள டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும் அது உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய காயம்.

கழற்றிய நாசிலை டெஸ்டரில் போடுங்கள். சிங்கிள் சிலிண்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் திறக்கும் அழுத்தம் பொதுவாக 200 பார் சுற்றுவட்டாரம், சரியான எண் கையேட்டில் இருக்கும். திறக்கும் அழுத்தத்துக்கு 10 முதல் 20 பார் கீழே பத்து விநாடி நிறுத்தினால் முனையில் சொட்டு தொங்கக் கூடாது. எல்லாத் துளையிலும் சமமாகத் தூவ வேண்டும், கையை ஸ்பிரேக்கு முன் நீட்டக் கூடாது. திரும்ப மாட்டும்போது பழைய செம்பு வாஷர் குழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழையதன் மேல் புதியதைப் போட்டால் நாசில் முனை மேலே ஏறி, டீசல் போய் விழும் இடம் மாறி, புது நாசிலிலும் புகை வரும்.

டைமிங், அதாவது டீசல் உள்ளே தூவப்படும் நேரம், தள்ளிப்போனாலும் கரும்புகை, குளிரில் வெண்புகை இரண்டும் வரும். மெல்லிய காற்றில் டீசல் பற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் நீள்வதால், கீழே ஓட்டும்போது தெரியாத சின்னத் தாமதம் இங்கே புகையாகத் தெரியும். கேம் மேல் உட்காரும் சிங்கிள் சிலிண்டர் பம்பில் ஸ்பில் முறையில் பார்ப்பது இப்படி:

1. டீசல் லைனில் காற்றை எடுத்துவிட்டு, கன்ட்ரோல் ராக்கை முழு டீசல் நிலையில் நிறுத்துங்கள்.
2. ஹை பிரஷர் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, சுத்தமான டீசல் உள்ள கிண்ணத்தில் போடுங்கள். ஹோல்டரைத் திரும்பப் பூட்டி, மேலே வளைந்த சின்னக் குழாயை மாட்டுங்கள். டீசல் ஒழுகி வரும்.
3. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் ஃபிளைவீலை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். ஒழுக்கு சொட்டாகி, சொட்டு நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யாமல், நன்றாகப் பின்னே கொண்டுபோய் மறுபடி முன்னே வாருங்கள்.
4. அங்கே ஃபிளைவீல் டைமிங் குறி நேராக இருக்க வேண்டும். குறி அழிந்திருந்தால் டாப் குறியிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) விளிம்பில் அளந்துகொள்ளலாம். சுற்றளவு 1,500 மில்லிமீட்டர், கையேட்டில் 23 டிகிரி என்றால் 1,500 ÷ 360 × 23, அதாவது 96 மில்லிமீட்டர்.
5. சொட்டு குறியைத் தாண்டி, டாப்புக்கு அருகில் நின்றால் டைமிங் தாமதம். பம்புக்கு அடியிலிருந்து ஷிம் (மெல்லிய தகடு) எடுத்தால் முன்னே வரும், ஷிம் சேர்த்தால் பின்னே போகும்.

வால்வைத் திரும்பப் போட மறந்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று திண்டாடுவது அடிக்கடி நடக்கும்.

டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு மேலுள்ள இடைவெளி, எளிது. குளிர்ந்த இன்ஜினில் கையேட்டு அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தால் முடிந்தது.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போகும் காற்றின் அழுத்தமே முக்கால் பங்குதான் என்பதால், கேஜ் காட்டுவதும் முக்கால் பங்குதான். சமவெளியில் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ காட்டும் ஆரோக்கியமான சிலிண்டர் ஊட்டியில் 23 காட்டும். புத்தகத்தில் குறைந்தபட்சம் 25 என்று போட்டிருப்பதைப் பார்த்து ரிங், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்க் குழாய்) செட் மாற்றியவர்கள் இந்த மலையில் ஏராளம். மாற்றியபிறகும் 23தான் காட்டும். இங்கே எண்ணைவிடச் சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் பின்தங்கினால் அதைத் திறக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து, லோடையும் குறைக்க வழியில்லை, புகை மட்டும் வேண்டாம் என்றால் டீசல் பம்பின் அதிகபட்ச டெலிவரியைக் குறைக்க வேண்டும். சீல் வைத்த ஸ்க்ரூவைத் தோட்டத்தில் நின்று திருகாதீர்கள். பம்பைக் காலிபிரேஷன் செய்யும் பம்ப் ரூமுக்கு அனுப்பி, இன்ஜின் ஓடும் ஊரையும் உயரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். உயரம் சொல்லாவிட்டால் அவர்கள் பெஞ்சில் பிளேட்டு அளவுக்கே நேர்த்தியாகச் செட் பண்ணி அனுப்புவார்கள், இங்கே மறுபடி கறுப்பு. குறைத்தால் பவரும் குறையும். ஆனால் அந்தப் பவர் இங்கே ஏற்கெனவே இல்லை, கரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில மெக்கானிக்குகள் இதற்கு நேர்மாறாக, இழுவை போதவில்லை என்று டீசலைக் கூட்டிவைப்பார்கள். எக்ஸாஸ்ட் சூடு ஏறி வால்வும் பிஸ்டன் தலையும் கருகுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

2023 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4+ விதிக்கு உட்பட்ட எலக்ட்ரானிக் செட்டுகளில் இந்த ஸ்க்ரூ வேலை எதுவும் கிடையாது. புகை வந்தால் முதலில் கன்ட்ரோலரில் ஃபால்ட் கோடு படியுங்கள். காற்று வழி, ஹோஸ் சோதனைகள் மட்டும் அதற்கும் பொருந்தும்.

வெண்புகை

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெண்புகை, ஐந்து பத்து நிமிடத்தில் நின்றுவிட்டால் பழுது இல்லை. குளிர்ந்த சிலிண்டர், குறைந்த கம்ப்ரஷன், டீசல் முழுதாகப் பற்றவில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆனதும் முழு லோடு கொடுக்காமல் மூன்று நான்கு நிமிடம் லேசாக ஓடவிடுங்கள்.

நிற்காமல் வந்தால், இன்ஜின் சூடாகிறதா என்று பாருங்கள். சூடாகாத இன்ஜின்தான் மலைப் பம்ப்செட்டின் நிரந்தர வியாதி. டெலிவரிக் குழாயிலிருந்து சின்னக் குழாய் பிரித்து சிலிண்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட் வழியாகத் தண்ணீர் விடும் இன்ஜின்களில், கீழே 28 டிகிரி கிணற்றுத் தண்ணீர் போகும் அதே டாப்பை (திருகுக் குழாயை) இங்கேயும் முழுதாகத் திறந்துவைத்திருப்பார்கள். இங்கே போவது 12 டிகிரி ஓடைத் தண்ணீர். நாள் முழுக்க ஓடினாலும் சிலிண்டர் ஹெட் வெதுவெதுப்பைத் தாண்டாது. வெண்புகை வரும், டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும், லைனர் தேயும். செய்ய வேண்டியது டாப்பை அடக்குவது மட்டும்தான். வெளியே வரும் தண்ணீரில் விரலை வைத்தால் ஓரிரு விநாடிக்கு மேல் தாங்காத சூடு, அதாவது 60 முதல் 70 டிகிரி இருக்கும்வரை திருகி, அந்த இடத்தில் பெயின்ட் குறி வையுங்கள். ஒரேயடியாக மூடிவிடக் கூடாது.

ரேடியேட்டர் செட்டில் இதே வியாதிக்குக் காரணம், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தது. சமவெளியில் சூடாகிறது என்று எடுத்த இன்ஜின் செகண்ட்ஹேண்டாக மலையேறி வரும். முழு லோடில் இருபது நிமிடம் ஓடியும் டெம்பரேச்சர் முள் 70ஐத் தொடாவிட்டால் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். உள்ளே காலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டீசலில் தண்ணீர் கலந்தாலும் புகை வெளுக்கும், ஓட்டம் விட்டு விட்டு வரும். பாதி காலியான டேங்கிலும் பேரலிலும் இரவுப் பனியில் உள்சுவர் வியர்த்து, தண்ணீர் அடியில் சேரும். கண்ணாடிப் பாட்டிலில் டேங்க் அடியிலிருந்து டீசல் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள், கோடு பிரிந்தால் தண்ணீர். வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவைப்பதும், வாட்டர் செப்பரேட்டரை வாரம் ஒருமுறை வடிப்பதும் இதைத் தடுக்கும்.

காகிதத்தில் வெறும் ஈரம், ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட் வெடிப்பையோ சந்தேகிக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே குமிழ் தொடர்ந்து கொப்பளித்தால் சிலிண்டர் வாயு ஏறுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் காபி கலரில் நுரை இருப்பதை மட்டும் வைத்து ஹெட்டை இறக்காதீர்கள். தினமும் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் ஜெனரேட்டரில், உள்ளே வியர்த்த தண்ணீரே அந்த நுரையைக் கட்டும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால், அல்லது சம்ப் டிரெய்ன் நட்டைத் தளர்த்தும்போது முதலில் தண்ணீர் வந்தால்தான் அது கேஸ்கட்.

கேஸ்கட் போவதற்கு இங்கே ஒரு தனிக் காரணம் உண்டு. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று கொதிநிலை நூறைத் தாண்டும். மூடி தொய்ந்திருந்தால் முள் சிவப்பைத் தொடும் முன்பே தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். மூடி சின்னச் செலவு, ஹெட் வேலை அப்படி இல்லை.

நீலப் புகை

முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆனால் இன்ஜின் சமமாக நிற்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள். சரிவில் டிராலியோடு நிறுத்திய பம்ப்செட்டில் டிப்ஸ்டிக் பக்கம் மேடாக இருந்தால் ஆயில் குறைவாகக் காட்டும். குறைகிறது என்று ஊற்றுவார்கள். மட்டம் ஏறி கிராங்க் அடித்துத் தெளித்து, ரிங்கைத் தாண்டி எரியும். ஸ்பிரிட் லெவல் வைத்து, பலகையோ கல்லோ கொடுத்துச் சமப்படுத்தியபின் அளந்தால் பல நேரம் ஒரு லிட்டர் கூடுதலாக இருக்கும். வடித்துவிட்டால் புகையும் நின்றுவிடும். ஆயில் மட்டம் ஊற்றாமலே ஏறியிருந்தால் அதில் டீசல் கலந்திருக்கிறது. முகர்ந்து பாருங்கள், கலந்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

ஆயில் பாத் ஏர் கிளீனரில் குறிக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே நீலம் வரும். இது ஆபத்தானதும்கூட. ஆயிலை உறிஞ்சி அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்ட இன்ஜின், டீசலை அடைத்தாலும் நிற்காமல் வேகமெடுத்துப் பறக்கும். அந்த நேரத்தில் ஏர் இன்டேக் வாயைத் தட்டையான மரப்பலகையால் அழுத்தி மூடுவதுதான் உறுதியான வழி. கையாலோ துணியாலோ மூடக் கூடாது. அந்தப் பலகையை இன்ஜின் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவையுங்கள்.

மட்டங்கள் சரி என்றால், புகை வரும் நேரம் சொல்லும். இரவு நின்று காலையில் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு வீச்சு வந்து நின்றால் வால்வு கைடும் சீலும். ஐடிலில் சும்மா கிடந்துவிட்டு லோடு கொடுத்ததும் ஒரு மேகம் கிளம்பினாலும் அதுவேதான், அல்லது டர்போ சீல். லோடு முழுக்க நீலம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று வாயு அடிக்கிறது என்றால் ரிங்கும் லைனரும். அதற்கும் முன்னால், இன்ஜின் அடியில் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பிரீதர் அடைந்தாலும் வாயு உள்ளே தேங்கி ஆயிலை மேலே தள்ளும்.

ஹோட்டல், ஹோம்ஸ்டே ஜெனரேட்டர்களில் வரும் நீலப் புகை வேறு ரகம். மலையில் பவர் குறையும் என்று யாரோ சொல்லிக்கேட்டு, தேவைக்கு இரண்டு மடங்காக 62.5 கேவிஏ வாங்கிவைப்பார்கள். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், நாலு அறை விளக்குக்காக அந்தப் பெரிய இன்ஜின் நாள் கணக்கில் பத்து சதவீத லோடில் ஓடும். சிலிண்டர் சூடாகாது, ரிங் விரிந்து லைனரோடு ஒட்டாது, லைனர் சுவர் கண்ணாடிபோல் மெருகேறிவிடும். மேனிஃபோல்டு இணைப்புகளில் கறுப்புப் பிசின் ஒழுகும். இதைப் பார்த்து ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அறைகளிலுள்ள கீசர்களையும் ஹீட்டர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு, அரை மணிக்கு ஒரு படியாக லோடை ஏற்றி, இந்த உயரத்தில் அந்த செட் தரக்கூடிய அளவில் 70, 75 சதவீதத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். தொடக்கத்தில் புகை கூடும், தீப்பொறிகூட வரலாம், அதனால் சைலன்சர் பக்கம் சருகு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தெளியும். தெளியாவிட்டால் லைனரை ஹோன் பண்ணி (மெருகு போக உரசி) ரிங் மாற்ற வேண்டும். தெளிந்துவிட்டால் மாதம் ஒருமுறை இப்படி ஓட்டுவதும், முப்பது சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் ஓட்டாமலிருப்பதும் போதும். புதிதாக வாங்குபவர்கள் உயரத்தால் போகும் 20 சதவீதத்தை ஈடுகட்ட 25 சதவீதம் மட்டும் கூட்டி வாங்கினால் இந்தத் தொல்லையே வராது.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், முடிவு சொல்லும் முன் இன்ஜினைச் சூடாக்கி அரை மணி நேரம் வேலை லோடில் ஓட்டிப் பாருங்கள். சைலன்சரில் பழைய கரியும் ஆயிலும் தங்கியிருக்கும், முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வருவது அதன் புகை. டெலிவரி குறைத்து செட் செய்த டீசல் பம்புக்கு, எந்த உயரத்துக்குச் செட் செய்தது என்று தகட்டில் பொறித்து இன்ஜினில் கட்டிவிடுங்கள். நாளை அதை மேட்டுப்பாளையத்துக்கு விற்றால், வாங்குபவர் புகையே இல்லை என்று மகிழ்ந்து, இழுவை ஏன் இல்லை என்று தெரியாமல் ரிங் மாற்றப் போய்விடுவார்.